இறங்கிய கோலச் சந்தியாகப்பரும் மேற்படி மாடும்

அடுத்தவர் விவகாரத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டு ஜன்னல் கோயில் முற்றத்தைப் பார்த்து அமைந்திருக்கிறது என்றால் அது கொத்தன் செய்த வேலை. ஜன்னல் இருந்தால் பார்வை போகத்தான் செய்யும். பார்த்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு வயிறு உப்பிப் போகும் என்பதால் சொல்கிறேன். மற்றபடி ஞானாதிக்கம் பிள்ளை மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டினார்களே, அதற்கு மறு வருஷம் நடந்தது இது.

தாமிரபரணிக் கரையோரம், மலையடிவாரம் தொடங்கிக் கடல் வரைக்கும், வேதக்காரர்களாகிய கிறிஸ்தவர்கள் இருக்கிற ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. கச்சேரியில் இலாகா பிரித்திருக்கிற மாதிரி அர்ச்சியசிஷ்டவர்கள் என்கிற புனிதர்களுக்குள்ளும் பிரித்திருக்கிறது. காணாமல் போன பொருளுக்கு அந்தோணியார். வைசூரிக்குச் செபஸ்தியார். பேய் பிசாசுக்கு மிக்கேல் சம்மனசு. கண்ணோவுக்கு லூசியம்மாள். ஒரு இலாகாவுக்குரிய மனுவை இன்னொரு இலாகாவில் கொடுத்தால் பலன் தாமதப்படும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் மருதக்குடிக்குச் சந்தியாகப்பர். வெள்ளைக் குதிரை மேல் வாளும் கையுமாக இருப்பவர். அவருக்குக் கோர்ட்டு இலாகா. வாய்தா நாளுக்கு முன்தினம் வந்து உப்பும் மிளகும் காணிக்கை வைத்தால் எதிராளி வக்கீலுக்குத் தொண்டை கட்டும். வாய்க்காலுக்கு அந்தண்டை நொச்சிக்கரை எல்லை. அவர்களுக்கு ஆரோக்கியநாதர், வாந்திபேதி, கொள்ளைநோய், ஆறாத புண். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு என்று இரண்டு ஊருக்கும் பதினோரு வருஷமாக வழக்கு. அதனால் அவர்கள் கோர்ட்டு விஷயமாக எங்கள் சாமியிடம் வர மாட்டார்கள். நாங்களும் பேதி கண்டால் அவர்கள் சாமியிடம் போக மாட்டோம். அப்படியே போனாலும் மேற்கே சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டுதான் போவோம்.

எங்கள் கோயில் உண்டான கதையைச் சபைத் தலைவர் ஞானாதிக்கம் பிள்ளை ஒவ்வொரு திருநாளிலும் சொல்லுவார். அந்தக் காலத்தில் சந்தியாகப்பர் சுரூபத்தை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போன வண்டி இந்த இடத்தில் நின்றுவிட்டதாம். மாட்டை அடித்தும் நகரவில்லையாம். சாமி தமக்கு இடம் காட்டிவிட்டார் என்று அங்கேயே கோயில் எழுப்பினார்களாம். அந்த மரச் சுரூபத்தில் குதிரையின் நாலு காலையும் கரையான் தின்றுவிட்டது. நாலைந்து வருஷமாகக் குதிரை செங்கல் மேல்தான் நின்றது. கோயில் பரிபாலன சபை கூடி, பிரான்சு தேசத்திலிருந்து புதுச் சுரூபம் தருவிப்பது என்று தீர்மானித்தது. அது தெரிந்த மறுவாரமே நொச்சிக்கரைச் சபையும் தீர்மானித்தது. இரண்டு ஊருக்கும் ஒரே பங்குச் சாமியார். பிரெஞ்சுக்காரர். இரண்டு கடிதத்தையும் ஒரே தபாலில் அனுப்பிவிட்டார்.

ஆனி முதல் வாரத்தில் பெட்டிகள் ரயிலில் வந்து சேர்ந்தன. கருத்தையாவைக் கூப்பிட்டு அனுப்பினார் பிள்ளை. கருத்தையா வாடகை வண்டிக்காரன், வேதத்தில் சேராதவன். வாய்க்கால் பாலத்துக்கு அப்புறம் வடக்கு விளையில் குடியிருப்பு. மயிலை ஒன்று, செவலை ஒன்று என்று இரண்டு மாடு, ஒரு பெண்டாட்டி. சொத்து அவ்வளவுதான்.

"ஏலே கருத்தையா, ஸ்டேஷன்ல ரெண்டு பெட்டி இறங்கியிருக்கு. பெரிய பெட்டி எதுவோ அது நம்மளுது. எவன் என்ன சொன்னாலும் பெருசை ஏத்திக்கிட்டு வா."

"பெட்டி மேல எளுதியிருக்குமே அய்யா. யாரையாவது வாசிக்கச் சொல்லி…"

"வாசிக்க என்னலே இருக்கு? நம்ம சாமி குதிரையோட வாராரு. அவன் சாமி நடந்து வாராரு. நொச்சிக்கரைக்காரன் பெட்டி நம்ம பெட்டியை விடப் பெருசா இருந்துருமாக்கும்?"

பக்கத்தில் நின்ற காரியதரிசி தொம்மை மிக்கேலுக்கு அப்போது இருமல் வந்தது. அந்த இருமலுக்கு அர்த்தம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. பிரான்சுக்குக் கடிதம் எழுதினவர் அவர். செலவைப் பார்த்து, 'குதிரை இரண்டு சாண் உயரம் போதும்' என்று எழுதிவிட்டு, அதைச் சபையில் சொல்லாமல் இருந்துவிட்டார். நொச்சிக்கரைக்காரர்களோ ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டார்கள்.

சரக்கு ஆபீசில் குமாஸ்தா சீட்டை வாசித்துச் சின்னப் பெட்டியைத்தான் காட்டினாராம். கருத்தையா விடவில்லை. "எங்க அய்யா பெருசுதான்னு சொல்லியிருக்காவ சாமி. சின்னதைக் கொண்டு போனா என்னை உரிச்சுப் போடுவாவ" என்று அரைமணி நேரம் மன்றாடியிருக்கிறான். நொச்சிக்கரை வண்டிக்காரன் சின்னப் பெட்டி தன் மாட்டுக்கு நல்லது என்று வாயைத் திறக்கவில்லை. இருவரும் ரேகை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பெட்டி வந்த அன்று ஊரே முற்றத்தில். கொட்டு மேளம், வேட்டு, மாவிலைத் தோரணம் ஒன்றும் குறைவில்லை. நான் கூட்டத்தில் இடிபடாமல் ஜன்னலிலேயே இருந்தேன். அங்கிருந்து பெட்டிக்குள்ளேயே தெரியும். தச்சன் பலகையைப் பெயர்த்தான். பிள்ளை தம் கையாலேயே வைக்கோலை விலக்கினார். முதலில் ஒரு மூக்கு வந்தது. அப்புறம் இரண்டு காது.

"குதிரைக் குட்டி" என்றார் காரியதரிசி.

இன்னும் கொஞ்சம் வைக்கோலை எடுத்தார்கள். நாய். வாயில் ஒரு ரொட்டி. அதற்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒரு சாமி. கையில் தடி. வாள் இல்லை. மேலங்கியை ஒரு பக்கம் தூக்கி, தொடையில் இருக்கிற புண்ணை ஊருக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

மேளம் தானாக நின்றது. கருத்தையா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நாய் இருந்ததால் அவனுக்குப் பைரவர் என்று நினைப்பு.

பிள்ளை மெல்லத் திரும்பி, "குதிரை எங்கலே?" என்றார்.

"எந்தக் குதிரை, அய்யா?"

"குதிரையோட வந்த சாமியை நாயோட கொண்டாந்து இறக்கியிருக்கே. வழியில குதிரையை என்னலே செய்தே?"

"நீங்க சொன்னபடிக்குப் பெரிய…"

"எதுத்துப் பேசாதே! குதிரை வந்து சேர மட்டும் ஒரு மாடு இங்கன நிக்கட்டும்."

மயிலையை அவிழ்த்துக் கோயில் முற்றத்து வேப்ப மரத்தில் கட்டிவிட்டார்கள். கார்ப் பருவம் தொடங்குகிற நேரம் அது. உழவு, எருவடிப்பு, நாற்றுக்கட்டு என்று வண்டி மாட்டுக்கு வருஷத்துச் சோறு சம்பாதிக்கிற இரண்டு மாதம். கருத்தையா வண்டியை அங்கேயே மல்லாக்கப் போட்டுவிட்டு, செவலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனான். செவலை பாலம் தாண்டுகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்திற்று.

அன்றைக்கே சபை கூடியது. சபை ரகசியமாகத்தான் கூடும். ஆனால் பிள்ளைக்கு ரகசியம் பேசுகிற தொண்டை கிடையாது.

உபதேசியார் வியாகுலம் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டி, "படத்தோட ஒத்துப் பாத்தாச்சு அண்ணாச்சி. நாய், ரொட்டி, புண்ணு. இது ஆரோக்கியநாதர்தான்" என்றார்.

"வே, நொச்சிக்கரைக்காரன் சாமியைக் கொண்டாந்து நம்ம பீடத்துல வைக்கச் சொல்லுதீரா?"

"பெட்டி மாறியிருக்கும்…"

"இரும். யோசிச்சுப் பேசும்." பிள்ளை எழுந்து நின்றது நிழலில் தெரிந்தது. "இது சந்தியாகப்பர் இல்லேன்னு நாம ஒத்துக்கிட்டா, பெட்டி மாறிப்போச்சுன்னு ஆவும். பெட்டி மாறிப்போச்சுன்னா, எந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னது யாருன்னு ஒரு கேள்வி வரும். கேள்வின்னு வந்துட்டா சபையோட மானம் எங்கன போவும்? ஆகையினால இது சந்தியாகப்பர்தான். இதுல வேத சாஸ்திரத்துக்கு விரோதமா ஏதாவது இருக்கா?"

ஒருவரும் விரோதம் காணவில்லை.

"அப்போ குதிரை?" என்றார் உபதேசியார்.

"இறங்கிட்டாரு."

"தொடைப் புண்ணு?"

"இத்தனை நூறு வருசம் சேணத்துலயே இருந்தா உமக்குப் புண்ணு வராதா? அதனாலதானே இறங்கினாரு."

"நாய்?"

"குதிரைக்குக் காவல்."

"வாயில ரொட்டி?"

"அது குதிரைக்கு."

காரியதரிசி எழுதி வாசித்தார்: 'நமது பாதுகாவலர் குதிரையிலிருந்து இறங்கிய கோலத்தில் எழுந்தருளியிருப்பதாகச் சபை ஏகமனதாகக் கண்டுகொள்கிறது. சுரூபம் சரியாக வந்திருக்கிறது. குதிரை மட்டும் வரவில்லை. குதிரைக்கு வண்டிக்காரன் பொறுப்பு.'

வாசல்படிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்ற கருத்தையா, "அய்யா, பெட்டி விசயமா நான் ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன்" என்றான்.

"அஞ்ஞானி வாக்குமூலம் சபையில செல்லாது" என்றார் காரியதரிசி, தலையைத் தூக்காமல். அஞ்ஞானியின் மாடு மட்டும் ஜாமீனாகச் செல்லும் போலிருக்கிறது.

சுரூபத்தைப் பீடத்தில் ஏற்றினார்கள். காரியதரிசி கோயிலைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மத்தியானம் எங்கள் கீழவீட்டுச் சாரம்மாள் காணிக்கையோடு வந்தாள். அவளுக்கும் நாத்தனாருக்கும் ஒரு முருங்கை மரத்தைப் பற்றிக் கோர்ட்டில் வழக்கு. கதவு பூட்டியிருந்தது. கொண்டுவந்த உப்பையும் மிளகையும் திரும்ப எடுத்துப் போனால் நேர்ச்சை பழுதாகும் என்று, வேப்ப மரத்தடியில் வைத்து முழங்காலிட்டாள்.

மயிலை எழுந்து வந்து உப்பை நக்கிற்று.

உப்பைக் கண்டால் மாடு நக்கும். இது மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். சாரம்மாளுக்கே தெரியும், அவள் வீட்டில் இரண்டு எருமை. ஆனால் கோயில் முற்றத்தில் முழங்காலில் இருக்கும்போது தெரிகிறது வேறு. இத்தனை தலைமுறையாகக் காணிக்கை வைக்கிறோமே, எந்தச் சாமியாவது நம் கண்முன்னால் எடுத்துக்கொண்டதுண்டா? அந்த வாரமே அவள் வழக்கில் நாத்தனாருடைய வக்கீல் வரவில்லை. வாய்தா கிடைத்தது. சாரம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: "சந்தியாகப்பர் குதிரையை விட்டுட்டு மாட்டுக்கு மாறிட்டாரு, மைனி! அதான் குதிரை வரல்லே!"

ஞாயிற்றுக்கிழமைக்குள் மயிலையின் கழுத்தில் பதினாறு மாலை. கொம்புக்கு எண்ணெய். நெற்றியில் ஜரிகைச் சிலுவை. களக்காட்டிலிருந்துகூட ஒரு கட்சிக்காரர் ஜட்கா பிடித்து வந்து கும்பிட்டார். மிளகு அதிகமாக இருந்த காணிக்கையை மாடு முகர்ந்துவிட்டுத் தும்மியது. வைத்தவர் மனசில் கள்ளம் இருக்கிறது என்று ஊர் கண்டுகொண்டது. அதற்கப்புறம் அவரவர் வீட்டில் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். மாடு ஊதிப்போயிற்று. எனக்குத் தெரிந்து ஒரு வண்டி மாடு வெட்கப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

சபை மறுபடி கூடியது. இந்தத் தடவை தீர்மானம் நீளம்: 'மேற்படி மாடு குதிரையின் ஸ்தானத்தில் பாவிக்கப்படும். ஒருவரும் அதைச் சாட்டையால் அடிக்கவோ, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கவோ, வாலைத் திருகவோ, மரியாதைக் குறைவாக அழைக்கவோ கூடாது.'

கருத்தையாவின் பெண்டாட்டி சுடலைவடிவு தினமும் காலையில் வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் வந்தாள்.

"அய்யா, குத்தகைக்காரங்க வேற வண்டி பாக்காங்க. எங்க மாட்டை எப்பம் தருவிய?"

"அது இப்போ உங்க மாடு இல்லம்மா" என்றார் பிள்ளை, அனுதாபத்தோடுதான். "மேல் இலாகாவுக்குப் போயிட்டு."

"எங்க மாட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?"

"சேச்சே. மாட்டுக்கு எப்படிக் குடுக்கது?"

"அப்போ அதுவும் எங்களை மாதிரி அஞ்ஞானிதானே, அய்யா? கோயிலுக்குள்ள என்ன வேலை?"

பிள்ளை காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி இருமினார்.

திருநாளுக்குப் பத்து நாள் முன்னால் கொடியேற்றத்துக்குப் பங்குச் சாமியார் வில்வண்டியில் வந்தார். புத்தகத் தமிழ் பேசுவார். பீடத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பிள்ளையே, இவர் ஆரோக்கியநாதர் அல்லவோ?"

"இறங்கிய கோலம், சாமி."

"நேற்று நொச்சிக்கரையில் குதிரை மேல் ஒருவரைக் கண்டேன். இரண்டு சாண் உயரம். அவர்கள், 'ஆரோக்கியநாதர் குதிரையேறிப் பேதியை மிதிக்கிற கோலம்' என்கிறார்கள். நீங்கள் இருவரும் மாற்றிக்கொண்டால் காரியம் தீர்ந்ததே."

பிள்ளைக்கு முகம் சிவந்தது. "சாமி, இவர் வந்த இடத்துல அற்புதம், புதுமையெல்லாம் செய்ய ஆரம்பிச்சுட்டாரு. இனிமே மாத்தினா, செய்த புதுமைக்கெல்லாம் யாரு ஜவாப்பு? வாய்தா வாங்கினவங்க திருப்பிக் குடுப்பாங்களா?"

"அர்ச்சியசிஷ்டவர்கள் எல்லாரும் மோட்சத்தில் இருக்கிறார்கள். இங்கே இருப்பது சுண்ணாம்பு" என்றார் சாமியார்.

இப்படிப்பட்ட பேச்சை வெளியில் விடக்கூடாது என்று சபையார் உடனே கதவைச் சாத்தினார்கள். எனக்குக் கேட்டுவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய? போகும்போது சாமியார் வேப்ப மரத்தடியில் நின்று, மாலைக்குள் இருந்த மயிலையை நெடுநேரம் பார்த்தார். "இது யாருடைய மாடு?"

"அது பெரிய விசயம், சாமி. சபையில வச்சு யோசிக்கோம்."

"கொடுத்துவிடுங்கள்" என்றார் சாமியார். பிள்ளை தலையை ஆட்டினார். அவர் ஆட்டினது ஆமா என்றா இல்லை என்றா என்று பிரான்சு தேசத்தாருக்குத் தெரிய நியாயமில்லை. வில்வண்டி அடுத்த ஊருக்குப் போயிற்று. அந்த ஊர்ப் பாதுகாவலருக்கு என்ன கஷ்டமோ.

ஆடி பத்தாம் தேதி திருநாள். காலையில் பாடல் பூசை. சாயங்காலம் சப்பரம். அங்கேதான் வந்தது சங்கடம். சப்பரம் பழைய மரக் குதிரைக்குச் செய்தது. ஆள் உயரச் சுரூபத்தை அதில் ஏற்றி எட்டுப் பேர் தோள் கொடுத்தவுடனே இரண்டு தண்டும் முறிந்தன. சாமி சாய்ந்து காரியதரிசியின் தலைப்பாகை மேல் ரொட்டியை இடித்தார்.

"வண்டியில வச்சு இழுக்கலாம்" என்றார் உபதேசியார். "குதிரை ஸ்தானத்து மாடுதான் இருக்கே, அண்ணாச்சி."

மாட்டைக் கொண்டு வந்து ஊர் வண்டியில் பூட்டினார்கள். மயிலை நகரவில்லை. ஒரு மாதம் உப்பும் மாலையுமாக இருந்தது ஒரு காரணம். பக்கத்தில் செவலை இல்லாதது பெரிய காரணம். அடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, வாலைத் திருகக் கூடாது. சபையார் ஐந்து பேரும் அதன் முன்னால் நின்று, "வாருங்க, பைய வாருங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஆள் அனுப்பினார்கள் வடக்கு விளைக்கு.

சுடலைவடிவு வாசலிலேயே கேட்டுவிட்டாளாம். "சோடி மாடு வேணும்னா வண்டியும் எங்களுதுதான் வரணும். வண்டிக்காரரும் வரணும்." கருத்தையா கூச்சப்பட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "நீரு சும்மா இரும்" என்றாளாம். இரண்டையும் சபை ஒப்புக்கொண்டது. வேறு வழி?

செவலையைக் கண்டதும் மயிலை கழுத்தை நீட்டி ஒரு சத்தம் கொடுத்தது. அதைக் கேட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் நான் அழவில்லை. புகைதான் கண்ணில் பட்டது, வேட்டுப் புகை.

முற்றத்தில் மல்லாந்து கிடந்த கருத்தையா வண்டியை நிமிர்த்திச் சாமியை அதில் ஏற்றினார்கள். ஜரிகைக் குடை. முன்னால் மேளம், பின்னால் செபமாலைப் பெண்கள். கருத்தையா வண்டி முகப்பில் உட்கார்ந்தான். கையில் சாட்டை இல்லை. கயிறும் அவனிடம் கொடுக்கப்படவில்லை. நான் ஜன்னலை விட்டு இறங்கி, நல்ல சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். பக்திதான்.

கீழத்தெரு போய், கடைத்தெரு வழியாக, மருத மரத்து முக்குக்கு வந்தது ஊர்வலம். அங்கே இடப்பக்கம் திரும்பினால் கோயில். நேரே போனால் வாய்க்கால் பாலம், அதைத் தாண்டினால் வடக்கு விளை. மேளக்காரர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள்.

மாடுகள் நேரே போயின.

"ஏலே, திருப்புலே!" என்று கத்தினார் பிள்ளை.

கருத்தையா திரும்பிப் பார்த்தான். கையை விரித்தான். "எப்படித் திருப்ப, அய்யா? அடிக்கப்படாது, கயித்தைப் பிடிக்கப்படாது, வாலைத் தொடப்படாதுன்னு தீர்மானம் போட்டுருக்கியளே?"

"வாயால சொல்லுலே!"

"மரியாதைக் குறைவாக் கூப்பிடப்படாதுல்லா. மரியாதையாக் கூப்பிட்டா அதுக்குப் பளக்கம் இல்ல."

ஒரு மாதமாகப் பார்க்காத வீட்டை நினைத்து மயிலை எடுத்த எடுப்புக்கு, சாமியின் குடை பின்பக்கம் சாய்ந்தது. செபமாலைப் பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். 'அருள் நிறைந்த மரியே' பாதி மூச்சில் நின்றுபோயிற்று. மேளக்காரர்கள் குறுக்கே ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். பாலம் கடந்தது. பனைமரம் கடந்தது. கருத்தையாவின் குடிசைக்குப் பக்கத்தில் தொழுவத்துக்கு முன்னால், கழனித் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மாடும் ஒரே சமயத்தில் வாயை வைத்தன. வண்டி நின்றது.

இரண்டும் மூச்சுவிடாமல் உறிஞ்சின.

பிறகு சாரம்மாள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வண்டி நின்னுட்டு! சாமி இடம் காட்டிட்டாரு!" என்று கதறி முழங்காலில் விழுந்தாள். நமக்கெல்லாம் தெரிந்த கதையாயிற்றே அது! பிள்ளை வருஷாவருஷம் சொன்னதுதானே! ஊரே சாணியைப் பார்க்காமல் முழங்காலில் விழுந்தது. வடக்கு விளைப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஆலாத்தி எடுத்தார்கள். "இங்கனதான் கோயில் கட்டணும்" என்று ஒரு குரல். "தொளுவத்துலதானே ஆண்டவரே பொறந்தாரு" என்று இன்னொரு குரல்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. காரியதரிசி அவர் காதோரம் வந்து, "அண்ணாச்சி, வாய்க்காலுக்கு இந்தண்டை நொச்சிக்கரை எல்லை" என்றார். "சாமி இங்கன தங்கினா அவங்க சாமின்னு ஆவும். வழக்குல அதுவே அவங்களுக்குச் சாட்சியாப் போவும்."

அப்போதுதான் சுடலைவடிவு தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. இது சாமி மாடா, எங்க மாடா? சாமி மாடுன்னா அது காட்டின இடம் சாமி இடம். தொளுவத்தைப் பெருக்கிக் காலியாக்கித் தாரோம், சாமி இங்கனயே இருக்கட்டும். எங்க மாடுன்னா, பசிச்சு வீட்டுக்கு வந்துருக்கு. நாங்க அவுத்துக் கட்டுதோம்."

சபை எருக்குழியோரமாக, நின்றபடியே கூடியது. அவ்வளவு சீக்கிரத்தில் அது ஒரு முடிவுக்கு வந்து நான் கண்டதில்லை. பிள்ளை தொண்டையைக் கனைத்தார்.

"மகாஜனங்களே! பக்தி வேணும். ஆனா கண்டதையெல்லாம் புதுமைன்னு நம்புறது அஞ்ஞானம். மாடு தண்ணி குடிக்க நிக்கும். அது மாட்டோட சுபாவம். இதைச் சபை ஆதியிலயிருந்தே சொல்லிக்கிட்டு வருது."

காரியதரிசி சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதி உரக்க வாசித்தார்: 'மேற்படி மாடு மாடே என்று சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. மேற்படி மாட்டின் பேரில் முன் போட்ட தீர்மானங்கள் ரத்து.'

"எளுதினதைத் தாரும்" என்று கையை நீட்டினாள் சுடலைவடிவு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

அவள் தலையை அசைத்ததும் கருத்தையா இறங்கி, பூட்டாங்கயிற்றை அவிழ்த்தான். மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் மாட்டினான். "ஏ மயிலை, வாலே" என்று கழுத்தில் ஒன்று தட்டினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அதை மரியாதையில்லாமல் ஒருவர் கூப்பிட்டது அப்போதுதான். மாடு அவன் தோளை நக்கிக்கொண்டே தொழுவத்துக்குள் போயிற்று. வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தினான். சாமி நாயோடும் ரொட்டியோடும் வண்டி மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே, சாமியைக் கோயில்ல கொண்டு விட வேண்டாமா? மாட்டைப் பூட்டுலே."

"நாளைக்கு விடிய எருவடிப்பு இருக்கு, அய்யா. மாடு ஒரு மாசம் வேலை செய்யாமக் கெடந்துருக்கு, ராத்திரி ஓய்வெடுக்கட்டும்." கருத்தையா கொஞ்சம் யோசித்தான். "இறங்கின கோலந்தானே? நடக்க மாட்டாவளா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் சபையார் ஐந்து பேரும் மேல்துண்டைச் சும்மாடு கட்டினார்கள். ஏணி ஒன்றை இரவல் வாங்கி அதில் சாமியைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். தலைமாட்டில் பிள்ளை. அரை மைல் தூரம். பாலத்துக்கு வருவதற்குள் அவருக்கு வேர்வை கண்ணை மறைத்துவிட்டது. பக்கத்தில் தீவட்டி பிடித்துக்கொண்டு கருத்தையா மரியாதையாக நடந்து வந்தான்.

"என்னலே இது," என்று மூச்சு வாங்கினார் பிள்ளை, "இம்புட்டுக் கனம்!"

"பெரிய பெட்டியைத்தானே அய்யா எடுத்தாரச் சொன்னிய" என்றான் கருத்தையா.

அவன் வாக்குமூலம் முதன்முதலாகச் சபையார் ஐந்து பேர் காதிலும் விழுந்தது. ஏணியை இறக்கி வைத்து அதைச் செல்லாது என்று சொல்ல ஒருவருக்கும் மூச்சு இல்லை.